இடக்கை நாற்காலிகள்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நான், உன் மனைவி, குழந்தை மூவரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். நலம் விசாரித்தாயிற்று. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். காது மந்தமானவனுக்கு மெதுவாகப் பேச வராது. நான் போனில் பேசினால் அடுத்த தெருவுக்குக் கேட்கிறது என்று உன் மனைவியே சொல்கிறாள். அவளைப் பற்றி அவள் காதுபடவே எப்படிப் பேசுவது? அதோடு நான் முக்கியமான இடத்துக்கு வரும்போதுதான் உனக்கு 'மீட்டிங் இருக்குப்பா, அப்புறம் பேசறேன்' என்று வரும். கடிதத்தை அப்படி நடுவில் வெட்ட முடியாது.

உன் மனைவி அரசியலில் இறங்கிவிட்டாள். கட்சி அரசியல் என்றால்கூடப் பரவாயில்லை, தேர்தல் முடிந்தால் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். இவள் பிடித்திருப்பது கல்விக் கொள்கை. அதற்கு முடிவும் கிடையாது, விடுமுறையும் கிடையாது.

நம் வீட்டை இப்போது பார்த்தால் உனக்கு அடையாளம் தெரியாது. சாப்பாட்டு மேசை முழுக்க அட்டை, பசை, மை. நானும் குழந்தையும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுகிறோம். போன வாரம் என் மூக்குக்கண்ணாடி பசையில் ஒட்டிக்கொண்டு, அதைப் பெயர்த்து எடுப்பதற்குள் அதன் காதுக் கம்பி ஒன்று உடைந்துவிட்டது. பள்ளி விட்டால் வீட்டில் கூட்டம். கீழ் வீட்டுத் தையல்காரம்மா, பஸ் கண்டக்டர் ஒருவர், மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண் என்று பிள்ளைகளைப் பெற்றவர்களெல்லாம் கூடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு என் நாற்காலி கிடைப்பதில்லை. உன் மகள் குளியலறையில் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே 'மூடாதே மூடாதே, வாசிப்பு வகுப்பை மூடாதே' என்று கோஷம் போடுகிறாள். ஆறு வயது. சோப்பு கண்ணில் போய் அழும்போதும் அதே ராகம்தான்.

விவரம் இதுதான். புதிய கொள்கை ஒன்று வரப்போகிறது. அதன் வரைவை வெளியிட்டு, மக்கள் கருத்துச் சொல்லலாம் என்று அரசாங்கம் மரியாதைக்குக் கேட்டிருக்கிறது. நம் ஊர் மனிதர்கள் அதை மரியாதையாக விட்டுவிட வேண்டாமா? எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைகளைத் தினமும் ஒரு மணி நேரம் தனியாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பதற்கு ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் ஆசிரியர் இருக்கிறார். நம் பள்ளியில் அது உன் மனைவி. எல்லாப் பிள்ளைகளும்தான் நன்றாகப் படிக்கிறார்களே, இந்த வகுப்பு எதற்கு, எடுத்துவிடலாம் என்று வரைவில் இருக்கிறதாம். அவ்வளவுதான். இதற்குத்தான் இந்தக் கூத்து.

நான் அவளிடம் நிதானமாகச் சொன்னேன். கொள்கையை மேலே இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள், உன் வேலை கரும்பலகைக்கு முன்னால் என்றேன். 'அந்தக் கரும்பலகையையே எடுக்கப் போறாங்க மாமா' என்றாள். பதிலுக்குப் பதில் பேசுவதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை.

நானும் பள்ளி ஆய்வாளராக இருந்து தலை நரைத்தவன்தானே? எத்தனை வகுப்பறைகளைப் பார்த்திருப்பேன்! நான் உள்ளே நுழைந்து, ஒரு கேள்வியைப் போட்டு, தெரிந்தவர்கள் கை தூக்குங்கள் என்றால் ஒரு கை கீழே இருக்காது. இந்த வட்டாரத்தின் தரம் அப்படி. சும்மா பார்த்துவிட்டு வருகிற ஆளும் இல்லை நான். இங்கே இடக்கைப் பழக்கமுள்ள குழந்தைகள் அதிகம் என்று கவனித்து, எழுதும் பலகை இடப்பக்கம் வைத்த நாற்காலிகள் வேண்டும் என்று அறிக்கை எழுதினேன். வேறு எந்த ஆய்வாளருக்காவது அது தோன்றியதா? நான் ஓய்வு பெறுவதற்கு முன்பே துறையும் அனுமதி கொடுத்துவிட்டது. இதை உனக்கு முன்பே சொல்லியிருக்கிறேன், இருந்தாலும் சொல்கிறேன்.

இப்போது முக்கியமான விஷயம். அவளும் குழந்தையும் வெளிநாட்டுக்கு உன்னிடம் வருவதற்கான காகிதங்களை நீ அனுப்பி எவ்வளவு நாளாயிற்று? மாதக் கடைசியில் பயணம். இதை விட்டால் மறுபடி அனுமதி வாங்க ஒரு வருஷமாகும் என்று நீயேதான் சொன்னாய். அந்தக் காகிதங்கள் எங்கே இருக்கின்றன தெரியுமா? பசை டப்பாவுக்கு அடியில். அவள் வேலையை விடுவதாக இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை. கேட்டால் 'பாக்கலாம் மாமா' என்கிறாள். நீ கணவன்தானே, ஒரு வார்த்தை கண்டிப்பாகச் சொல்லக் கூடாதா?

ஒன்றை மட்டும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். என் பழைய ஆய்வு அறிக்கைகளின் நகல் வேண்டும் என்று கேட்டாள். அடுத்த வாரம் நூலகத்து மாடியில் நடக்கும் பெற்றோர் கூட்டத்தில் அவற்றிலிருந்து படிக்கப் போகிறாளாம். பரண் மேல் ஏறி நானே எடுத்துக் கொடுத்தேன். என்ன இருந்தாலும் பெரியவர்கள் செய்த வேலையின் அருமை அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வெள்ளைச் சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஆகையால் நீ போன் செய்து அவளைக் கண்டித்து வை. கூட்டம் முடிந்த பிறகு செய்தால் போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள். குளிரில் காதை மூடிக்கொண்டு போ.

இப்படிக்கு,
அப்பா


மகனுக்கு,

'அன்பு' என்ற சொல் மேலே இல்லாததை நீ கவனித்திருப்பாய். வேண்டுமென்றேதான் விட்டேன். படித்துக்கொண்டே வா, காரணம் தெரியும்.

கூட்டத்துக்குப் போனேன். முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். இஸ்திரிச் சட்டை, காதுக் கம்பி உடைந்து நூல் கட்டிய கண்ணாடி. நூலகத்து மாடி நிரம்பி, படிக்கட்டில் எல்லாம் ஆட்கள். உன் மனைவி மைக்கைப் பிடித்தாள். நன்றாகத்தான் பேசினாள், அதை மறுக்கவில்லை. வீட்டில் என்னிடம் பேசுவதைவிடப் பொறுமையாகப் பேசினாள்.

முதலில் தன் வகுப்புப் பெண் ஒருத்தியைப் பற்றிச் சொன்னாள். பத்து வயதுப் பெண். புத்தகத்தைக் கையில் கொடுத்தால் கடகடவென்று படிப்பாளாம். ஒரு நாள் அந்தப் பெண் தெரியாமல் இரண்டு தாள்களைச் சேர்த்துத் திருப்பிவிட்டாள். ஆனாலும் நடுவில் விட்டுப்போன பக்கத்தை ஒரு வரி பிசகாமல் சொல்லிக்கொண்டே போனாள். புத்தகம் முழுவதும் மனப்பாடம், எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ஐந்து வருஷமாக அந்தப் பெண்ணுக்கு எழுத்துத் தெரியாது என்பதே யாருக்கும் தெரியவில்லை என்றாள். அதுவரை நானும் தலையை ஆட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

அடுத்து, இது எப்படித் தெரியாமல் போகும் என்று அவளே கேட்டாள். அவளே பதிலும் சொன்னாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். 'ஆய்வாளர் வந்து கை தூக்கச் சொன்னா எல்லாரும் தூக்கணும். தெரிஞ்சவங்க வலக்கை, தெரியாதவங்க இடக்கை. வலக்கை தூக்கின பிள்ளையைத்தான் டீச்சர் எழுப்புவாங்க. நான் படிக்கும்போதும் இப்படித்தான். நான் டீச்சரா வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கு எனக்கு முதல்ல சொல்லிக்கொடுத்ததும் இதுதான். போன வருஷ ஆய்வுல நானும் என் பிள்ளைகளை இப்படித்தான் தூக்கச் சொன்னேன்.'

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கூட்டம் கொதித்து எழும் என்று திரும்பிப் பார்த்தேன். சிரிக்கிறார்கள்! அந்தக் கண்டக்டர் எழுந்து நின்று இடக்கையைத் தூக்கினார். அவர் பக்கத்தில் தையல்காரம்மா தூக்கினாள். மருந்துக்கடைப் பெண், நூலகர், மைக் செட் ஆள் என்று வரிசை வரிசையாக இடக்கை எழும்பியது. இந்த ஊரில் பிறந்து வளர்ந்த ஒவ்வொருவருக்கும் அது தெரிந்திருக்கிறது. கை தூக்காமல் அந்த மாடியில் உட்கார்ந்திருந்தவன் நான் ஒருவன்தான்.

அதோடு விட்டாளா? குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்ததாம். என் அறிக்கையை எடுத்து மைக்கில் படித்தாள். 'இவ்வட்டாரத்தில் இடக்கைப் பழக்கமுள்ள குழந்தைகள் வழக்கத்துக்கு மாறாக அதிகம். குறிப்பாகக் கணக்குப் பாட வேளையில் இவர்களின் எண்ணிக்கை மேலும் கூடுகிறது.' நான் எழுதிய வரிதான். எழுதிய அன்று எனக்கு மிகவும் பிடித்த வரி. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. என் பெயரை அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை, எல்லாக் கண்ணும் முன்வரிசைக்கு வந்துவிட்டது. இந்தப் புதிய வரைவே இப்படிப்பட்ட அறிக்கைகளை நம்பித்தான் எழுதப்பட்டிருக்கிறது என்றாள். அதையெல்லாம் முழுதாகக் கேட்கும் நிலையில் நான் இல்லை.

கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவனுக்கு எங்கே போயிற்று புத்தி? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து ஊரே எனக்குப் பரிமாறியிருக்கிறது. நானும் உப்புக் காரம் சரியாக இருக்கிறது என்று சான்றிதழ் கொடுத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். டீ கொண்டு வந்து வைத்தாள். 'உங்களைச் சொல்லல மாமா, எங்களைத்தான் சொன்னேன்' என்றாள். வீட்டிலேயே என்னிடம் தனியாகச் சொல்லியிருக்கலாமே என்று கத்தினேன். 'எத்தனையோ தடவை சொல்ல வந்தேன். ஒவ்வொரு தடவையும் நீங்க அந்த நாற்காலிக் கதையை ஆரம்பிச்சிடுவீங்க' என்றாள். டீயைக் குடிக்கவில்லை. பிறகு ஆறிப்போனதைக் குடித்தேன்.

மறுநாள் பொறுக்க முடியாமல் பள்ளிக்கே போனேன். அங்கே தலைமையாசிரியரை உனக்கு நினைவிருக்கும், எதைச் சொன்னாலும் 'ஆகட்டும் சார்' என்பாரே, அவரேதான். ஆகட்டும் சாரிடம் நாற்காலிகளைக் காட்டுங்கள் என்றேன். ஆகட்டும் சார் என்றார், பொருளறையைத் திறந்தார். கூரை வரை அடுக்கி வைத்திருக்கிறார்கள். பாதிக்கு மேல் சுற்றிய பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. ஒன்றின் மேல் ஏறி நின்று பல்பு மாற்றுவார்களாம், அதில் செருப்புத் தடம். ஏன் ஐயா, வேண்டாம் என்று திருப்பி அனுப்பியிருக்கலாமே என்றேன். 'வேணாம்னு எழுதினா ஏன் வேணாம்னு கேப்பாங்களே சார்' என்றார். ஆயுளில் அந்த மனிதர் சொன்ன ஒரே நீளமான வாக்கியம் அது.

இப்போது உன் மனைவியின் கதை. பள்ளியின் பெயரைக் கெடுத்தாள் என்று மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு மெமோ வந்திருக்கிறது. ஆசிரியர் சங்கத்தில் அவளைக் காட்டிக்கொடுத்தவள் என்கிறார்கள். ஓய்வறையில் அவள் உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலி காலியாகிறதாம். தலைநகரிலிருந்து வரைவைப் பரிசீலிக்கும் குழு அவளைப் பேச அழைத்திருக்கிறது. ஆனால் ஓர் ஆசிரியை சொன்னால் அது குற்றச்சாட்டு, ஆய்வு செய்த அதிகாரி யாராவது வந்து சொன்னால்தான் ஆதாரம் என்று கடிதம் போட்டிருக்கிறார்கள். ஓய்வு பெற்ற ஆய்வாளர்கள் ஒவ்வொருவர் வீட்டுக் கதவையும் தட்டுகிறாள். ஒருவருக்கு முழங்கால் வலி, ஒருவருக்கு மகள் வீட்டுக்குப் பயணம், ஒருவர் கதவையே திறக்கவில்லை.

என்னைக் கேட்கவில்லை. ஒரே வீட்டில், ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறேன், என்னை மட்டும் கேட்கவில்லை. கேட்டால் முடியாது என்று சொல்லத் தயாராகக் காத்திருக்கிறேன். கேட்டால்தானே சொல்ல முடியும்?

ஆகவே சொல்கிறேன், மாதக் கடைசி வரைகூடக் காத்திருக்க வேண்டாம், முடிந்தால் முன்னதாகவே அவளை அழைத்துக்கொள். மெமோவும் வேண்டாம், மைக்கும் வேண்டாம். இங்கே எஞ்சியிருக்கும் கொஞ்ச மானத்தோடு நான் இருந்துகொள்கிறேன்.

கடைசியாக உன்னிடம் ஒரு கேள்வி. நீயும் அந்தப் பள்ளியில்தான் படித்தாய். உனக்கும் தெரியும்! இத்தனை வருஷத்தில் அப்பனிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லையே. நீ ஐந்தாவது படிக்கும்போது உன் வகுப்புக்கு ஆய்வுக்கு வந்தேன். கேள்வி கேட்டேன், நீயும் கை தூக்கியிருந்தாய். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம், எல்லோருக்கும் முன்னால் நம் பிள்ளையின் கைதான் மேலே போயிற்று என்று பெருமையாகச் சொன்னேன். அவள் அடுப்பைப் பார்க்க உள்ளே போய்விட்டாள். எனக்கு நான் சொன்னதுதான் நினைவிருக்கிறது. கை நினைவில்லை. எந்தக் கை?

உண்மையை எழுது. திட்ட மாட்டேன்.

அப்பா


அன்பு மகனுக்கு,

எழுது என்றால் நீ போன் செய்தாய். அதுவும் நான் முகச் சவரம் செய்துகொண்டிருந்த நேரம். பரவாயில்லை.

இடக்கை என்றாய். சொல்லிவிட்டுச் சிரித்தாய். 'எல்லாரும்தான்பா தூக்கினோம்' என்றாய். ஏழாவது வரை உனக்குச் சேர்த்துப் படிக்க வராது என்றும், நான் வெளியூர் முகாமுக்குப் போகும் நாட்களில் அம்மா உன்னை அடுக்களையில் உட்கார வைத்து எழுத்துக் கூட்டச் சொல்லிக்கொடுத்தாள் என்றும், அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் என்று இருவரும் பேசி வைத்திருந்தீர்கள் என்றும் சொன்னாய். வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்பார்கள். ஆய்வாளர் பிள்ளைக்குப் பழமொழி இல்லை, இருந்தால் நமக்குப் பொருந்தியிருக்கும். உன் அம்மாவோடு சண்டை போட வேண்டும் போல் இருக்கிறது. அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். எப்போதும் இப்படித்தான், சண்டையில் என்னை ஜெயிக்கவிடாமல் எழுந்து போய்விடுவாள்.

போனை வைத்துவிட்டுப் பாதிச் சவரத்தோடே எழுந்தேன். கூடத்துக்குப் போய், நான் வருகிறேன் என்றேன். எங்கே மாமா என்றாள். குழுவுக்கு முன்னால் என்றேன். சந்தோஷப்படுவாள் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? 'வேணாம் மாமா. பத்திரிகைக்காரங்க இருப்பாங்க. உங்களைப் பாத்துச் சிரிப்பாங்க, என்னால தாங்க முடியாது' என்றாள். ஊரே சிரித்து முடித்தாயிற்று, தலைநகரம் மட்டும் பாக்கி வைப்பானேன் என்றேன். இதற்கும் அரை மணி நேரம் வாக்குவாதம். நல்லது செய்யப் போனாலும் இவளிடம் வாதாடித்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

நாற்காலி ஒன்றையும் எடுத்துப் போக வேண்டும் என்றேன். ஆகட்டும் சார் இந்த முறை ஆகட்டும் என்று சொல்லவில்லை, பொருளறைச் சாவியை மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். கண்டக்டரின் பஸ்ஸில்தான் போனோம். வழி நெடுக நாற்காலியை நடைபாதையில் வைத்து, ஏறுகிறவர் இறங்குகிறவர் எல்லோரும் அதில் இடித்துக்கொண்டு, என்னய்யா இது பலகை தப்பான பக்கம் இருக்கு என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் கண்டக்டர் காரணம் சொன்னார். தலைநகர் போய்ச் சேர்வதற்குள் என் கதை எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது.

அந்த அலுவலகத்தைப் பற்றி என்ன சொல்ல! காலையில் வரச் சொன்னவர்கள் மத்தியானம் வரை தாழ்வாரத்தில் நிற்க வைத்தார்கள். கல்விக்கு ஒரு கட்டடம், அதில் உட்கார ஒரு பெஞ்சு இல்லை. கால் வலித்து நானே அந்த இடக்கை நாற்காலியில் உட்கார்ந்தேன். வாங்கி வந்த நாளிலிருந்து ஒருவர் அதைச் சரியாகப் பயன்படுத்தியது அன்றுதான். உன் மனைவி பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்று, பேச வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு மூன்று தடவை முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஊரையே ஆட்டி வைக்கிறவளுக்குப் பயமும் வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

உள்ளே நீள மேசை. குழுத் தலைவி நடுவில். உன் மனைவி பேசினாள். அந்தப் பத்து வயதுப் பெண்ணைப் பற்றிச் சொன்னாள், தான் செய்ததையும் மறைக்காமல் சொன்னாள். ஓரத்தில் இருந்த ஒரு கனவான், இதெல்லாம் கேட்கச் சுவையாக இருக்கிறது, ஆதாரம் எங்கே என்றார். நான் எழுந்தேன். இந்த நாற்காலியைக் கேட்டு எழுதியவன் நான், இது வந்த காரணம் இவர் சொன்னதுதான் என்றேன். எத்தனை ஆய்வுகளில் ஏமாந்தீர்கள் என்று கேட்டார். எல்லாவற்றிலும் என்றேன். சந்தேகமே வரவில்லையா என்றார். எல்லாக் கையும் மேலே இருந்தது ஐயா, எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்றேன். சிரித்தார்கள். எதிர்பார்த்ததுதான், ஆனால் எதிர்பார்த்தாலும் வலிக்கிறது. தலைவி மட்டும் சிரிக்கவில்லை. வரைவைப் புரட்டி, உங்கள் அறிக்கையைத்தான் முதல் பக்கத்திலேயே எடுத்துக்காட்டாகப் போட்டிருக்கிறோம் என்றார். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுங்கள் அம்மா என்றேன்.

முடிவு என்ன என்று கேட்பாய். இவர்கள் முடிவை முடிவாகச் சொல்வார்களா? இந்தக் கல்வியாண்டு முடியும் வரை வாசிப்பு வகுப்பை எடுக்கப் போவதில்லை. அதற்குள் கை தூக்கச் சொல்லாமல், ஒவ்வொரு குழந்தையையும் தனித்தனியாகப் பக்கத்தில் உட்கார வைத்துப் படிக்கச் சொல்லிப் பார்க்கப் போகிறார்கள். அதை எப்படிச் செய்வது என்று திட்டமிடும் ஆசிரியர்களில் உன் மனைவியும் ஒருத்தி. அடுத்த மாதம் தொடங்குகிறது. மெமோ அப்படியே இருக்கிறது. ஒரு கையால் மெமோ கொடுத்து, இன்னொரு கையால் வேலை கொடுக்கிற நிர்வாகத்தை நீ வேறு எங்கும் பார்த்திருக்க மாட்டாய்.

இதில் பெரிய தலைவலி என்ன என்று சொல்கிறேன். இந்த அடுத்த மாதத்து விஷயத்தை அவள் உன்னிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டாள். நேற்று உன் காகிதங்களைப் பசை டப்பாவுக்கு அடியிலிருந்து எடுத்து, ஈரத் துணியால் துடைத்து, மின்விசிறியில் உலர்த்தி, பைக்குள் வைத்தாள். குழந்தையின் கம்பளிச் சட்டையை எடுத்து வெயிலில் போட்டிருக்கிறாள். நீ வா என்று ஒரு வார்த்தை சொன்னால் வந்துவிடுவாள். முகம் சுளிக்காமல் வருவாள். அங்கே வந்து நன்றாகவும் இருப்பாள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அழைத்துக்கொள், அழைத்துக்கொள் என்று இரண்டு கடிதத்தில் நச்சரித்தவனும் நான்தான். கிழவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்துக்கொள், எனக்கு ஆட்சேபணை இல்லை. தனியாக இருக்க வேண்டுமே என்று சொல்கிறேன் என்று மட்டும் நினைக்காதே. எனக்கு டீ போடத் தெரியும். சர்க்கரை எந்த டப்பாவில் இருக்கிறது என்பதுதான் சில நாள் தெரிவதில்லை.

அவளை வா என்று சொல்லாதே. உனக்கு விடுமுறை கிடைத்தால் நீ வா. ஒரு வருஷம் பெரிய காலம்தான், எனக்குத் தெரியும். நீ அங்கே ஒற்றை அறையில் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறாய், குழந்தை வளர்வதைப் படத்தில் பார்க்கிறாய். இதைக் கேட்க எனக்கு வாய் கூசுகிறது. ஆனாலும் கேட்கிறேன்.

போனில் நீ சிரித்தாய் அல்லவா? சிரித்து முடித்த பிறகு ஒன்றும் பேசவில்லை. லைன் போய்விட்டது என்று நான் ஹலோ ஹலோ என்று கத்தினேன். லைன் போகவில்லை. நீ இருந்தாய். என் காது மந்தம்தான், ஆனால் அது கேட்டது.

அன்று அந்த வகுப்பில் உனக்கு எதிரே நின்றவன் உன் அப்பன். நாலு அடி எடுத்து வைத்து உன் பெஞ்சுக்கு வந்து, என்னப்பா தெரியலையா என்று கேட்டிருக்கலாம். எல்லாக் கையும் மேலே இருக்கிறது என்று சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். உன் மனைவி அப்படி நிற்கிறவள் இல்லை. அவள் பெஞ்சுக்குப் போகிறாள். குனிந்து கேட்கிறாள். அவள் கேட்க வேண்டிய பிள்ளைகள் இங்கே இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். உனக்கு எது தெரியவில்லை என்றாலும், எது முடியவில்லை என்றாலும், இனி என்னிடம் நேராகச் சொல். கையைக் கீழே போடுப்பா. வலிக்கும்.

உன்
அப்பா